பொன்னுத்தாய் மேல் பூத்த செடி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நர்ஸ் போகிறபோக்கில் சொன்ன வாக்கியத்திலிருந்து திருடினேன். நண்பர் ஒருவருக்கு ரத்தப் புற்று. பார்க்கப் போயிருந்தேன். அவர் கையில் ஊசி குத்தியிருந்தது, மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், "இந்த மருந்தை எதுலேருந்தும்மா எடுக்கிறாங்க?" என்று நர்ஸிடம் கேட்டுவைத்தேன்.

"ஒரு பூச்செடியிலேருந்து சார். நித்தியகல்யாணி. எங்க பக்கம் சுடுகாட்டுப் பூன்னு சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நண்பர் கண்ணை மூடியபடியே சிரித்தார். "என்னைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் அங்கேருந்து ஆள் வந்திருக்குன்னு நினைச்சேன். திருப்பி அனுப்ப வந்திருக்கா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அதிர்ச்சியோடு அதிர்ச்சியாக நான் எழுதிய எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. ஆனாலும் கை கேட்கவில்லை.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதினேன். மூன்றையும் உங்களுக்குக் காட்டிவிடுகிறேன்.

"வெண்ணாற்றில் மாலை வெயில் பொன்னாக உருகி—"

போதும். தஞ்சாவூர்ப் பக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்த வெயில் வந்து உருகித் தொலைக்கிறது.

"மிராசுதார் துரைராசு மீசையை முறுக்கிக்கொண்டு—"

இதுவும் ஆகாது. மீசையைக் கொடுத்தால் அந்த மனுஷன் சினிமா வில்லனாகிவிடுவார். துரைராசு மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே சோறு இறங்காதவர். அதே துரைராசுதான் சேரிக்காரர்களின் இடுகாட்டை உழுதுவிடுவேன் என்றும் சொன்னார். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் எனக்குக் கஷ்டம். அவருக்கு மீசை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"டாக்டரம்மா குனிந்து அந்தப் பூவைப் பறித்ததும் துரைராசுவின் மனைவி ஆனந்தவல்லி இரண்டடி பின்னால் போனாள்."

இது நிற்கட்டும். கதை இங்கிருந்துதான். ஆனால் அதற்குமுன் அந்த இடுகாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

3

எந்தக் காலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் லத்தீஃபா விடமாட்டாள். (லத்தீஃபா என் கல்லூரித் தோழி. நாகூர்க்காரி. மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். நான் எழுத எழுத வாட்ஸப்பில் வாங்கிப் படித்துவிட்டுத் திட்டுகிறாள். அவள் திட்டுகளை நட்சத்திரக் குறி போட்டு ஆங்காங்கே தருகிறேன்.)

கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்துச் சட்டம் போட்டிருந்தார்கள். துரைராசு மைத்துனன் பேரில், மாமியார் பேரில், கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ஒன்றுவிட்ட தம்பி பேரில் என்று நிலத்தைப் பிரித்து எழுதிவைத்துவிட்டு, தூக்கம் கெட்டுக் கிடந்தார். இந்தப் பக்கம் சிவப்புக் கொடிச் சங்கம் கூலிநெல்லை உயர்த்தச் சொல்லி நடவை நிறுத்தியது. அவர் வெளியூர் ஆட்களை இறக்கி நட்டார். அடிதடி, போலீஸ், வழக்கு எல்லாம் ஆனது.

அவர் வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டுத் திடல். சேரியில் யார் செத்தாலும் அங்கேதான் புதைப்பார்கள். காகிதத்தில் அது அவர் பட்டா. அவர் அப்பா காலத்தில் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தது. நடவை நிறுத்திய கோபத்தில் துரைராசு சொன்னார்: "சங்கம்தானே வேணும்? இனிமே சங்கத்துல கொண்டுபோய்ப் புதைச்சுக்கங்கடா. அறுப்பு முடியட்டும், திடல்ல டிராக்டர் எறங்கும்."

சங்கம் மனு கொடுத்தது. தாலுகா ஆபீஸிலிருந்து வந்தார்கள், அளந்தார்கள், துரைராசு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த அறுப்புச் சமயத்தில்தான் அவர் மகள் தையல்நாயகிக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தீஸ்வரன்கோயிலில் வேண்டிப் பிறந்தவள், அதனால் அம்மன் பேர். வீட்டில் தையு. ஒன்பது வயசு. காய்ச்சல் போகவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தப் புற்று என்றார்கள்.

4

டாக்டரம்மா குனிந்து அந்தப் பூவைப் பறித்ததும் ஆனந்தவல்லி இரண்டடி பின்னால் போனாள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் யாரோ அழகுக்காக வைத்த செடி அது. டாக்டரம்மாவுக்கு வெளியூர். அழுதுகொண்டு நின்ற தாய்க்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் பறித்தாள்.

"பயப்படாதீங்கம்மா. உங்க பொண்ணுக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு ஊசி வரவழைச்சிருக்கோம். அந்த மருந்தே இந்தச் செடியிலேருந்துதான் எடுக்கிறாங்க. எவ்வளவு சாதாரண செடி, பாருங்க."

ஆனந்தவல்லி கையை நீட்டவில்லை. அவளுக்கு அந்தப் பூ ஒரே இடத்தில்தான் பழக்கம். கூண்டுவண்டியில் போகும்போது தூரத்தில் திடல் முழுக்க ரோஸ் நிறமாகத் தெரியும். அந்தப் பக்கத்துக் காற்று பட்டாலே வீட்டுக்கு வந்து தலைமுழுகுவார்கள். அந்தச் சனியனா என் பிள்ளை உடம்புக்குள் போகப்போகிறது? ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீடு வந்து சேர்வதற்குள் அருவருப்பு போய்விட்டது. வேறொன்று பிடித்துக்கொண்டது.

ஊசியில் இத்தனூண்டு போவதே நல்லது செய்யும் என்றால், டம்ளர் நிறையக் கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம் கேட்கும்?

சிரிக்காதீர்கள். எதையும் சுண்டக் காய்ச்சிக் கஷாயமாக்கினால்தான் நம் பக்கத்தில் அது மருந்து. ஆனந்தவல்லி இடத்தில் என் அம்மா இருந்திருந்தாலும் அடுப்பைத்தான் பற்றவைத்திருப்பாள்.

* லத்தீஃபா: "பூவுல கொஞ்சம்தான் இருக்கும், இலையிலதான் கூடுதல். அதுவும் ஒரு லாரி இலையை அரைச்சா ஒரு சிட்டிகை தேறும். அந்தச் செடிக்குள்ள எத்தனையோ சங்கதி கலந்து கிடக்கு. வேண்டியதை மட்டும் பிரிச்சு எடுத்து, அளந்து, நரம்புல ஏத்தினா மருந்து. மொத்தமாக் காய்ச்சினா விஷம். சர்க்கரை வியாதிக்கு ஆகுமான்னு பாக்கத்தான் முதல்ல எலிக்குக் கொடுத்தாங்க. சர்க்கரை குறையலை, எலியோட வெள்ளணுதான் விழுந்துச்சு. அதுலேருந்துதான் ரத்தப் புற்றுக்கு ஆகும்னு பிடிச்சாங்க. இதைக் கதையில சொல்லிடு. எவளாவது படிச்சுட்டு அடுப்புல வைக்கப் போறா." (சொல்லிவிட்டேன்.)

5

இனி ராமாயியைக் கொண்டுவர வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. ராமாயிக்குக் கொஞ்சம் மூலிகை ஞானத்தைக் கொடுத்து, படித்த டாக்டரம்மாவைத் தலைகுனிய வைத்து, நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கக் கை துறுதுறுக்கிறது. மாட்டேன். அந்தச் செடியைப் பற்றி ராமாயிக்குத் தெரிந்தது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அதை ஆடு கடிக்காது.

ராமாயி துரைராசு வீட்டு மாட்டுக்கொட்டிலைக் கூட்டுகிறவள். நடவு நின்றபோது சங்கத்தோடு நின்றாள், பிறகு திரும்பி வந்தாள். கொல்லை வழியாக வருவாள், கொல்லை வழியாகவே போவாள்.

"ராமாயி, திடல்ல அந்தப் பூ இருக்குல்ல, அது எனக்கு ஒரு கூடை வேணும்."

ராமாயி கூட்டுவதை நிறுத்தினாள். "சுடுகாட்டுப் பூவாம்மா? ஒங்களுக்கா?"

"தையுவுக்கு. ஆஸ்பத்திரில போடுற ஊசியே அதுலதான் செய்யிறாங்களாம். டாக்டரே சொன்னாங்க."

"பாப்பாவுக்கு என்னாம்மா பண்ணுது?"

ஆனந்தவல்லி சொன்னாள். விடாத காய்ச்சல். பல் ஈறில் ரத்தம். அடியே படாமல் தொடையெல்லாம் நீலம் நீலமாகத் திட்டு. கேட்டுக்கொண்டே வந்த ராமாயி கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க பொன்னுத்தாய்க்கும் இதேதாம்மா."

ராமாயிக்கு ஒரு பெண் செத்துப்போனது ஆனந்தவல்லிக்குத் தெரியும். எதனால் என்று அவள் கேட்டதில்லை.

"காத்து கருப்பு அடிச்சிருக்கும்னாங்க. நாகூருக்குத் தூக்கிக்கிட்டுப் போயி ஓதிக்கிட்டு வந்தோம். கந்தூரிக் கடையில வளையல் கேட்டுச்சு. கறுப்பு ரப்பர் வளையல், நடுவால செவப்புக் கோடு போட்டது. வாங்கிப் போட்டேன். அதோடயே வெச்சோம்மா. மேல அந்தச் செடியத்தான் நட்டேன். எங்கள்ல புள்ளைங்க மேல அதத்தான் நடுவோம். ஆடு கடிக்காது, எடம் அழியாது."

நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப, மருந்து எங்க புள்ள தலைமாட்டுலயேவா மொளைச்சு நிக்கிது?"

இதை எழுதிவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து லத்தீஃபாவைக் கேட்டேன்: அந்தச் செடியைப் பறித்துக் கொடுத்திருந்தால் பொன்னுத்தாய் பிழைத்திருப்பாளா?

* லத்தீஃபா: "மாட்டா. அந்தப் புள்ளையைக் காப்பாத்தியிருந்தா அந்த ஊசிதான் காப்பாத்தியிருக்கும். அது மெட்ராஸ்லேருந்து யார் வீட்டுப் புள்ளைக்கு வந்துச்சு? அதை எழுது."

எழுதிவிட்டேன். ஆனால் ராமாயிக்கு யார் இதைச் சொல்வது? ஆனந்தவல்லிக்கே தெரியாது.

"பறிச்சாறேம்மா" என்றாள் ராமாயி. "பொன்னுத்தாய் மேல உள்ளதையும் சேத்தே பறிச்சாறேன். பாப்பாவாச்சும் நல்லாருக்கட்டும். ஆனா அய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. திடல்ல டிராக்டர் எறங்க வேணாம்."

"சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்" என்றாள் ஆனந்தவல்லி.

6

சமயம் பார்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. துரைராசு அடுப்படிக்குள் எட்டிப்பார்த்தார். ரோஸ் பூ மிதக்கக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

"சுடுகாட்டுப் பூவைக் கொண்டாந்து அடுப்புல வெச்சிருக்கியே, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"இதுதாங்க அந்த மருந்து. டாக்டரம்மா பறிச்சுக் காட்டுனாங்க. நம்ம பக்கத்துல திடல்ல மட்டும்தான் இருக்கு. அதை நீங்க உழுதுட்டா…"

துரைராசு பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். திடலுக்கு ஓரமாக வந்து நின்றிருந்த டிராக்டரைத் திருப்பி அனுப்பினார். செடியை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் போட்டார்.

கொடி பிடித்து நிறுத்த முடியாததை, மனு கொடுத்து நிறுத்த முடியாததை, ஒரு கூடைப் பூ நிறுத்திவிட்டது. எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகிழ்ச்சி தாங்காதபோதெல்லாம் நான் எங்கோ தப்புச் செய்திருப்பேன். மேலே படியுங்கள்.

7

கஷாயம் குடித்த தையு வாந்தியெடுத்தாள். இரண்டாம் நாள் எழுந்து உட்கார முடியவில்லை. கூண்டுவண்டி, பிறகு கார், பிறகு ஆஸ்பத்திரி. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா வெளியே ஓடிவந்தாள்.

"என்ன கொடுத்தீங்க?"

ஆனந்தவல்லி சொன்னாள்.

"கடவுளே! நாங்க ஒவ்வொரு சொட்டும் அளந்து போடுறோம். நீங்க அதைக் காய்ச்சி டம்ளர்ல ஊத்துனீங்களா? இன்னும் ஒரு வேளை போயிருந்தா உங்க பொண்ணு இல்லம்மா!"

ஆனந்தவல்லி நடையில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கை. ஆற்றி, ஊதி, "ஒரே மடக்கு கண்ணு" என்று கெஞ்சிக் கொடுத்த கை. கார் வாடகை பேசிக்கொண்டு வாசலில் நின்ற துரைராசுவுக்கு இது எதுவும் தெரியாது.

அவரிடம் சொல்ல வேண்டுமா இல்லையா? சொன்னால் மறுநாளே டிராக்டர் திடலில் நிற்கும். ராமாயிக்குச் செய்த சத்தியம் போகும். அதைவிட, பெற்ற பிள்ளைக்கு விஷம் கொடுத்தேன் என்று புருஷனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் கிடத்திக் கொஞ்சம் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசிக்கு மட்டும் தஞ்சாவூர் போய்வந்தார்கள். காலையில் பூ வந்தது, போனது எருக்குழிக்கு. டம்ளரில் சீரகத் தண்ணீரும் கருப்பட்டியும்.

"அப்பா பாக்கும்போது மூஞ்சியைச் சுளிக்கணும், தையு."

"இப்படியா?"

"அவ்வளவு வேணாம். கொஞ்சமா."

தையுவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. துரைராசு எதிரில் உட்கார்ந்து, அவள் குடித்து முடிக்கும் வரை தானும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார்.

எருக்குழியில் பூ கிடந்ததை ராமாயி பார்த்தாள். ஆனந்தவல்லியைப் பார்த்தாள். மறுநாளும் பூ கொண்டுவந்தாள், கூடையில் பாதி.

8

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தேன்.

முதல் முடிவில் தையு செத்துப்போகிறாள், துரைராசு தன் மகளுக்குக் குழிவெட்டும்போது— என் நண்பர் படுக்கையிலிருந்தபடியே படித்துவிட்டு, "அவரைத் தண்டிக்கணும்னா அவரைக் கொல்லு. அந்தப் புள்ள உனக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். அவர் கையில் அதே ஊசி. கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் துரைராசு மனம் திருந்தி, திடலைச் சேரிக்கே எழுதிக்கொடுத்து, சிவப்புக் கொடியும் கறுப்பு சிவப்புக் கொடியும் ஒன்றாக—

* லத்தீஃபா: "அடப்பாவி."

கிழித்துவிட்டேன். ஊசி வேலை செய்தது, அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கியது, நீலத் திட்டுகள் மறைந்தன. கொட்டிய முடி பூனைமுடியாக முளைத்தது. (* லத்தீஃபா: "அடங்கிச்சுன்னு எழுது. குணமாச்சுன்னு எழுதாதே. அந்தக் காலத்துல பல புள்ளைங்களுக்கு அது திரும்பி வந்துச்சு." சரி, அடங்கியது.)

துரைராசு வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டார். மகளைப் பிழைக்கவைத்தது அந்தப் பூதான் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. அன்று சாப்பிடும்போது சாவதானமாகச் சொன்னார்:

"நம்ம பொண்ணு உயிரு அவனுங்க திடல்ல எதுக்குக் கெடக்கணும்? வேரோட மண்ணோட பேத்து நம்ம கொல்லையில வெச்சிடுவோம். அப்புறம் திடல உழுதா யாருக்கு என்ன?"

ஆனந்தவல்லி கையிலிருந்த குழம்புக் கரண்டி நழுவியது. எனக்கும் பேனா நழுவியது. நான் இதைத் திட்டமிடவில்லை. சீரகத் தண்ணீரை எழுதியபோது அது திடலைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். நானும் அவளும் சேர்ந்து சொன்ன பொய்யை அந்த மனுஷன் முழுசாக நம்பினார், நம்பியதால்தான் தோண்டச் சொன்னார்.

9

வெளியூர் ஆட்கள் விடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். செடி வாடக்கூடாது என்று உத்தரவு, அதனால் ஆழமாகவே தோண்டினார்கள். கூடை கூடையாகக் கொல்லையில் வந்து கொட்டினார்கள். ஆனந்தவல்லி அடுப்படியில் நின்றாள். வெளியே வந்து பார்க்கத் துணிவில்லை.

"அம்மா! இங்க வாயேன்!"

ஆனந்தவல்லி கொல்லைக் கதவுவரை வந்தாள். தையு தலையில் கட்டிய துணியோடு மண்குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். வேரில் ஒட்டிய கட்டிகளை உடைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்திக் காட்டினாள்.

மணிக்கட்டில் ஒரு வளையல். மண் அப்பியிருந்தது. கறுப்பு ரப்பர், நடுவில் சிவப்புக் கோடு.

"மண்ணுக்குள்ள இருந்திச்சும்மா. எனக்குச் சரியா இருக்கு பாரேன்."

திடல் பக்கத்திலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது.

அப்போது வாசல் கதவைத் தட்டினார்கள். கொல்லைக் கதவை அல்ல, வாசல் கதவை.

"யாரது?" என்று கூடத்திலிருந்து துரைராசுவின் குரல்.

"நாந்தான், ராமாயி. அம்மாவப் பாக்கணும்."

"வாசல்ல வந்து நிக்கிறியா? கொல்லைப் பக்கம் வா!"

"வரமாட்டேன். அம்மா எனக்கு ஒரு வார்த்த குடுத்திருக்காங்க. இங்க வந்து சொல்லட்டும்."

10

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

தையு குடித்தது விஷமாகத்தான் போனது, அதற்குப் பிறகு அவள் பூவைக் குடிக்கவே இல்லை என்று ஆனந்தவல்லி உண்மையைச் சொல்லலாம். சொன்னால், ஒன்றுக்கும் ஆகாத செடி, உழுதுவிடு என்பார் அவர். சொல்லாவிட்டாலும் டிராக்டர் ஓடத்தான் போகிறது. அவள் வாயில் வைக்க ஒரு வாக்கியத்தை நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இனி அந்த வீட்டில் துரைராசுவை உலுக்க ஏதாவது இருக்கிறதென்றால் அது அவர் மகள் கையில் இருக்கிறது. ஆனால் அதை ராமாயியும் பார்ப்பாள். கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

தையு எழுந்துவிட்டாள். "அப்பாகிட்ட காட்டிட்டு வரேன்" என்று வளையல் கையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைப் பார்த்து ஓடுகிறாள். ஆனந்தவல்லியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனந்தவல்லியின் கை நீண்டிருக்கிறது. எட்டிப் பிடித்து அந்த வளையலைக் கழற்றி மண்ணுக்குள் புதைத்துவிடலாம். அல்லது பிள்ளையை ஓடவிட்டு, பின்னாலேயே போய் வாசல் கதவைத் தானே திறந்துவிடலாம்.

அந்தக் கையை என்ன செய்வதென்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், டிராக்டர் நிற்கவில்லை.